சன்செட் வீதியில் ஒப்பனை ராக்

முகப்பூச்சும் மினுங்கும் உடையும் உயர்ந்த அடிக்கட்டை வைத்த காலணியுமாக ஆண்கள் மேடையேறிய கிளாம் ராக் என்னும் பாணி, 1970களின் தொடக்கத்தில் மார்க் போலன், டேவிட் போவி, ஸ்லேட் குழுவினர் முதலியோரால் பிரிட்டனில் பரவி, சில ஆண்டுகளிலேயே அங்கு ஓய்ந்தது. அதன் அலங்காரத்தையும், கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடக்கூடிய எளிய பல்லவியையும் எடுத்து, உரத்த மின்கிட்டாரை மையமாகக் கொண்ட ஹார்ட் ராக்கோடு பிணைத்த குழுக்கள், 1980களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பெருகின. நியூயார்க் டால்ஸ், கிஸ் ஆகிய நியூயார்க் குழுக்கள் தோற்றத்தில் இவற்றுக்கு முன்னோடிகள். வாசிப்பில் வழிகாட்டியவர், இரு கை விரல்களாலும் கிட்டாரின் கழுத்துப்பகுதியில் தந்திகளைத் தட்டி விரைவான சுரக்கோவைகளை எழுப்பும் உத்தியை 1978இல் வெளிவந்த தம் குழுவின் முதல் ஆல்பத்தால் பரவலாக்கிய எடி வான் ஹேலன்.

மேற்கு ஹாலிவுட்டின் சன்செட் வீதியிலிருந்த விஸ்கி அ கோ கோ, ராக்சி, கசாரிஸ் போன்ற இரவு விடுதிகளே இவ்விசையின் விளைநிலம். மோட்லி க்ரூ குழு தன் முதல் ஆல்பத்தை 1981இல் சொந்தச் செலவில் வெளியிட்டது; அதே ஆண்டு ஆகஸ்டில் எம்டிவி என்னும் இசைத் தொலைக்காட்சி தொடங்கி, பாடலோடு படத்தையும் நாள் முழுதும் கோரியது. அலங்காரத்தையே மூலதனமாகக் கொண்ட குழுக்களுக்கு இதைவிட வாய்ப்பான சந்தை அமைந்திருக்க முடியாது. 1983 நவம்பரில் குவைட் ரயட் குழுவின் ‘மெட்டல் ஹெல்த்’ பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பெற்றபோது, அதைத் தூக்கிச்சென்ற பாடல் ஸ்லேட் குழுவின் பழைய பாடலொன்றின் மறுபதிவாக இருந்தது தற்செயல் அன்று.

1986இல் பான் ஜோவி குழுவின் ‘ஸ்லிப்பரி வென் வெட்’ பெருவெற்றி கண்டபின், மென்மையாகத் தொடங்கி முழக்கமாக உயரும் காதல் பாட்டான பவர் பாலட், ஒவ்வோர் ஆல்பத்திலும் ஏறக்குறையக் கட்டாயமாயிற்று. பென்சில்வேனியாவிலிருந்து குடிபெயர்ந்த பாய்சனைப் போன்ற வெளியூர்க் குழுக்களும் சன்செட் வீதியில் வந்து குவிந்தன. தெருவெங்கும் துண்டறிக்கைகள் இறைந்தன. இந்நெரிசலைக் கண்ட விடுதிக்காரர்கள், குழுவே நுழைவுச்சீட்டுகளை முன்பணம் கொடுத்து வாங்கி விற்றுக்கொள்ள வேண்டும் என்னும் முறையைப் பரப்பினர். விற்காத சீட்டின் இழப்பு இளைஞர்களின் தலையில் விழுந்தது; மேடை திறமைக்கன்றிப் பணத்துக்குத் திறந்தது. இசைத்தட்டு நிறுவனங்களோ வென்ற குழுவின் சாயலிலேயே அடுத்ததைத் தேடின.

1991 செப்டம்பரில் வெளியான நிர்வானா குழுவின் ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் இவ்விசையைக் கொன்றது என்பது வழக்கமான கூற்று. அது பாதி உண்மையே. அதே ஆண்டு ஜூனில் இவ்வகைக் குழுவான ஸ்கிட் ரோவின் புதிய ஆல்பம் நேரே முதலிடத்தில் நுழைந்தது. ஆனால் அதன் ஒலி முந்தையதைவிடக் கரடுமுரடாக மாறியிருந்தது. அதே சன்செட் வீதியில் வளர்ந்த கன்ஸ் அன் ரோசஸ் 1987இலேயே பூச்சைக் குறைத்து முரட்டுத்தனத்தைக் கூட்டியிருந்தது. நிர்வானா சார்ந்த, கிரஞ்ச் எனப்பட்ட சியாட்டில் இசையின் முதன்மைக் குழுக்களுள் ஒன்றான ஆலிஸ் இன் செயின்ஸின் வேர்களும் கிளாம் பாணியிலேயே இருந்தன. ஆகவே வெளியிலிருந்து அடி விழுவதற்கு முன்பே உள்ளே சலிப்பு முற்றியிருந்தது எனலாம்.

1992 தொடக்கத்தில் ‘நெவர்மைண்ட்’ முதலிடத்தை எட்டிய பின் நிறுவனங்கள் ஒப்பனைக் குழுக்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டன. அவ்வாண்டே பாடகர் வின்ஸ் நீலைப் பிரிந்த மோட்லி க்ரூ, 1994இல் வேறு பாடகரோடு வெளியிட்ட ஆல்பம் பழைய விற்பனையை நெருங்கவில்லை. ஜான் பான் ஜோவி முடியைக் குறைத்துக்கொண்டது செய்தியாகப் பேசப்பட்டது. அவருடைய குழு மட்டும் பெரிய அரங்குகளை இழக்காமல் தொடர்ந்தது.