கடனோடு கரை இறங்கியவர்கள்



தோட்டத்து முன்னோரைப் பற்றி வகுப்பில் பேசும்போது பால்மரத்தையும் கங்காணியையும் சொல்கிறோம். கடன் கணக்கைச் சொல்வதில்லை. பேராக்கின் கிரியான் கரும்புத் தோட்டங்களுக்குச் சஞ்சிக் கூலியாக வந்தவர், கரை இறங்கும்போதே கடனாளி. கப்பல் கட்டணமும் முன்பணமும் அவர் கூலியில் பிடிக்கப்பட்டன. நோயில் படுத்தால் கூலி இல்லை. கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

1907-இல் குடிவரவு நிதி அமைந்தது. முதலாளிகள் செலுத்திய அந்நிதியே பின்னர் கப்பல் கட்டணத்தை ஏற்றது. சஞ்சி முறையில் ஆள் எடுப்பதும் 1910-இல் முடிவுற்றது.

ஆயினும் கடன் தோட்டத்துக் கடைக்கு இடம் மாறியது. கங்காணியே கடை நடத்திய தோட்டங்களும் உண்டு. அரிசியும் கருவாடும் பற்று எழுதி வாங்கினர். சம்பள நாளன்று கழித்தது போக மீந்ததே வீட்டுக்கு வந்தது. பிற்காலத்தில் அந்தப் பற்றுப் புத்தகம் '555' ஆயிற்று. அதை அறியாத பெற்றோர் நம்மில் குறைவு.

கடனடைக்க அக்குடும்பம் எதைக் குறைக்கும்? லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. குறைக்க முடிந்தவை சோறு, துணி, கள். லயத்தின் பின்புறம் கீரையும் மரவள்ளியும் நட்டனர். இயன்றவர் மாடு வளர்த்தனர். "குடியை விட்டிருந்தால் போதுமே" என்பார் சிலர். கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள் வைத்தவர் யார் என்று அவர்கள் கேட்பதில்லை என்பது என் வருத்தம்.

1950-களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. வேலையோடு வீடும் போகும் நிலை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, இக்குடும்பங்களிடம் மாதம் 10 வெள்ளி கேட்டார். கடையில் பாக்கி வைத்திருந்த வீட்டுக்கு அது சிறு தொகையன்று. அப்பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம், கெடாவின் புக்கிட் சீடிம்.