காலடி மண்ணும் தலைமேல் கூரையும்



உண்டி, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதன் வாழ இன்றியமையாதவை என்பர். உறையுள் என்றதும் நாம் சுவரையும் கூரையையுமே எண்ணுகிறோம். ஆனால் நம் தஞ்சைத் தரணியின் வரலாற்றைப் புரட்டினால், கூரைக்கு முன்பே எழுந்த கேள்வி ஒன்று உண்டு. நீ குடியிருக்கும் மண் யாருடையது என்பதே அது. ஆலயம் எழுந்த கதையைச் சொல்லி மகிழும் இந்த யூபிலி வேளையில், ஏழைகளின் வீடுகள் எழுந்த கதையையும் அறிவது தகும்.

காவிரி பாயும் கீழத்தஞ்சையில் பண்ணையாட்கள், மிராசுதாரின் நிலத்தில் களிமண் சுவர் வைத்து, கீற்றோ வைக்கோலோ வேய்ந்து குடியிருந்தனர். வாடகை இல்லை. எனினும் அதற்கான விலை பெரிது. கூலி உயர்த்திக் கேட்டால் வேலை போகும். வேலை போனால் குடிசையும் போகும். வயலும் மனையும் ஒரே கையில் இருந்தபடியால் வாய் திறக்க வழியில்லை. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. ஆயினும் மண் மட்டும் பிறருடையதாகவே இருந்தது.

1968 டிசம்பர் 25. பாலன் குடிலில் பிறந்த திருநாளை நாம் கொண்டாடிய அதே நாள் இரவில், அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் விளைவாக, உயிருக்கு அஞ்சி ஒரு சிறு குடிசையில் ஒதுங்கிய 44 பேர் தீக்கிரையாயினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. புகலிடம் என நம்பி நுழைந்த குடிசையே அவர்களுக்குச் சிதையாயிற்று!

அடுத்த மூன்றாண்டுகளில், 1971-இல், தமிழக அரசு குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டத்தை இயற்றியது. பிறர் நிலத்தில் குடியிருந்த உழவுத் தொழிலாளர், தம் குடிசை நின்ற மனைக்கு உரிமையாளராயினர். நாட்டின் பெரிய திட்டங்களுக்கு முன் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதன் பயன் பெரிது. கூலி பேசுகிறவன், "வீட்டை விட்டுப் போ" என்ற சொல்லுக்கு இனி அஞ்ச வேண்டியதில்லை. மேலும், தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். நாளை விரட்டப்படக் கூடியவன் அதை நடுவானா? பிள்ளையை ஒரே பள்ளியில் தொடர்ந்து படிக்க வைப்பதும் அவ்வாறே. காலடி மண் நிலைத்தால்தான் மனிதன் நாளையை எண்ணுகிறான்.

மண்ணுக்குப் பின் கூரை வந்தது. 1985-இல் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம், 2010-இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் கலைஞர் வீட்டுவசதித் திட்டம், 2011-இல் 300 சதுர அடிப் பசுமை வீடுகள், 2024-இல் 360 சதுர அடிக் கனவு இல்லம் எனத் திட்டங்கள் தொடர்ந்தன. கூரையின் அருமையை நமக்குக் கற்பித்தது 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்த கஜா புயல். கல்லணைக் கால்வாயின் கடைமடையான நம் பேராவூரணிப் பகுதியில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கீற்று வீடுகள் காற்றோடு போயின. கான்கிரீட் கூரைக்குக் கீழே இருந்தவர் மறுநாள் தோப்பை எண்ணிக் கலங்கினார். கீற்று வீட்டுக்காரரோ தோப்பில் கிடைத்த கூலி, குடியிருந்த வீடு ஆகிய இரண்டையும் ஒருங்கே இழந்தார்.

இன்றும் வாய்க்கால் கரையிலும் ஏரிப் புறம்போக்கிலும் குடியிருப்போர் உண்டு. பட்டா இல்லாதவருக்கு அரசின் வீட்டுத் திட்டம் எட்டாக்கனியே. வீடு மந்திரிக்கச் செல்லும்போது நாம் புதுச் சுவரைக் கண்டு மகிழ்கிறோம். மந்திரிக்க வீடே இல்லாதவர் நம்மை அழைப்பதில்லை. ஆதலின், நம் வின்சென்ட் தே பவுல் சபையாரும் படித்த இளைஞரும் அவர்களைத் தேடிச் சென்று, மனுவை எழுதித் தந்து, வட்டாட்சியர் அலுவலகம் வரை துணை செல்வார்களாக. யூபிலி என்பது இழந்த நிலம் உரியவருக்குத் திரும்பும் ஆண்டு என விவிலியம் கூறுகிறது. அப்பொருள் நம் பங்கிலும் நிறைவேற இறைவன் அருள்வாராக!