வாசர்மன் சோதனை: இரத்தம் சொன்னதும் சமூகம் படித்ததும்

ஐரோப்பியர் வழியே வந்ததாகக் கருதப்பட்ட சிபிலிஸ் நோயை 16ஆம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசம் 'பிரங்க ரோகம்' என்று குறித்தது. தமிழில் அது பறங்கிப்புண். நெடுங்காலம் புண்ணைக் கண்டே அறியப்பட்ட இந்நோய், 1906 முதல் இரத்தத்தில் தேடப்படலாயிற்று.

1905இல் பெர்லினில் ஷாடினும் ஹாஃப்மனும் நோய்க்கிருமியைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே வாசர்மன், நைசர், புருக் மூவரும் இரத்தச் சோதனையை அறிவித்தனர். கிருமியை ஆய்வகத்தில் வளர்க்க இயலாததால், பிறவிச் சிபிலிஸால் இறந்த சிசுவின் கல்லீரல் சாற்றைப் பயன்படுத்தினர். விரைவிலேயே ஒரு முரண் வெளிப்பட்டது: நோயற்ற விலங்கின் இதயச் சாறும் அதே விளைவைத் தந்தது. சோதனை காட்டியது கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளை அன்று. மாட்டிதயத்திலிருந்து கார்டியோலிப்பின் என்னும் கொழுப்புப் பொருளை 1941இல் மேரி பாங்போர்ன் பிரித்தெடுத்தபோது காரணம் தெளிவாயிற்று. அது மனித உயிரணுக்களிலும் இயல்பாக இருப்பது. அதற்கெதிரான எதிர்ப்பொருள் மலேரியா, தொழுநோய், லூபஸ் ஆகியவற்றிலும் தோன்றலாம். முதல் இரண்டும் பரவியிருந்த இந்தியாவில் இது சிறிய செய்தியன்று.

ஆயினும் சமூகம் அத்தாளைத் தீர்ப்பாகவே படித்தது. 1935இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், திருமணத்திற்கு முன் இரத்தச் சோதனையைச் சட்டமாக்கியது. நோய் அரிதான கூட்டத்தில் இதன் விளைவை எளிய கணக்கு காட்டும். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்க. அப்பத்தையும் கண்டுபிடிக்கும் சோதனை, நோயற்றோரில் நூற்றுக்கு ஒருவரிடம் பிழைத்தாலும், நோயாளியெனக் காட்டப்படுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நோயற்றவரே. அதே 1935இல் லுத்விக் ஃப்ளெக், அறிவியல் உண்மை எவ்வாறு உருவாகிறது என்பதை ஆராய இச்சோதனையின் வரலாற்றையே எடுத்துக்கொண்டார்.

1946இல் வந்த விடிஆர்எல் சோதனையும் கார்டியோலிப்பினையே நம்புகிறது. எனவே கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளைத் தேடும் டிபிஹெச்ஏ போன்ற சோதனையால் அதை உறுதிசெய்வது முறை. இரண்டும் ஒன்றையே சொல்வதில்லை. டிபிஹெச்ஏ, குணமான பின்னும் பெரும்பாலோரிடம் வாழ்நாள் முழுதும் 'பாசிட்டிவ்' ஆகவே நிற்கும். விடிஆர்எல் அளவு 1:32இலிருந்து 1:8ஆக, அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், சிகிச்சை பலித்ததன் அடையாளம்.

இன்று இந்தியாவில் கருவுற்ற பெண்களுக்கு இத்தகைய சோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. உரிய காலத்தில் அளிக்கும் பென்சிலின் சிசுவைக் காப்பதால் அது இன்றியமையாததே. ஆனால் 'ரியாக்டிவ்' என்னும் ஒற்றைச் சொல், உறுதிச் சோதனைக்கு முன்பே ஒரு பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய சான்றாகப் படிக்கப்படுமானால், அந்தப் பிழை ஆய்வகத்தினுடையது அன்று.