மெட் அரங்கைத் தாண்டிய குரல்

1910 ஜனவரி 13. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் பாடகர் கரூசோ பாடினார். வானொலி முன்னோடி லீ டி ஃபாரஸ்ட் மேடையில் மைக்குகளைப் பொருத்தி, அந்தக் குரலை வானொலி அலைகளில் ஏற்றினார். துறைமுகத்துக் கப்பல்களிலும் அது கேட்டது, இரைச்சலுக்கு நடுவே.

ஒழுங்கான ஒலிபரப்பு 1931 கிறிஸ்துமஸ் அன்றுதான் தொடங்கியது. டிக்கெட் வாங்க வசதியில்லாத வீடுகளுக்குள்ளும் ஆபரா நுழைந்தது. அரங்கம் செய்த மிக நல்ல காரியம் இதுவே.

1995-இல் அரங்கின் இருக்கைகளின் பின்புறம், மொழிபெயர்ப்பைக் காட்டும் சிறு திரைகள் வந்தன. இத்தாலியம் அறியாதவர்களும் பாட்டின் பொருளைப் படித்தபடியே கேட்டார்கள்.

2006 டிசம்பர் 30 அன்று மொசார்ட்டின் 'மேஜிக் புளூட்' திரையரங்குகளில் நேரலையானது. அதில் தொடங்கிய நேரலை வரிசையில் சேர்ந்த பதிவுகள்தாம் பின்னர் கைகொடுத்தன: 2020 மார்ச்சில் கொரோனா அரங்கை மூடிய சில நாள்களிலேயே, மெட்டின் இணையதளத்தில் இரவுக்கு ஓர் ஆபரா இலவசமாக ஓடத் தொடங்கியது. முதல் இரவு, 'கார்மென்'.