எதிர்நோக்கும் வாழ்வு மாற்றமும்: தென் திருவிதாங்கூர்க் கிறித்தவர் வரலாறு (1806–1859)

முன்னுரை

சமய மாற்றம் குறித்த வரலாற்று ஆய்வுகள் பெரும்பாலும் இரு முடிவுகளுள் ஒன்றைச் சென்றடைகின்றன. சமூக, பொருளாதாரப் பயன் கருதியே மக்கள் புதிய சமயத்தைத் தழுவினர் என்பது ஒரு முடிவு. அருள் உந்துதலே அவர்களை ஈர்த்தது என்பது மற்றொரு முடிவு. முன்னது மக்களின் உள்ளத்தைக் கருதுவதில்லை. பின்னது அவர்கள் வாழ்ந்த சூழலைக் கருதுவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையில், ஒரு சமயக் கருத்து மாந்தரின் அன்றாட வாழ்வில் எவ்வாறு வினைபுரிகிறது என்னும் வினா விடையின்றி நின்றுவிடுகிறது. கிறித்தவ இறையியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாகிய எதிர்நோக்கு, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென் திருவிதாங்கூரின் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்வை மாற்றிய முறையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களைக் கொண்ட இப்பகுதி, 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தது.

சொல்லும் பொருளும்

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் இக்கருத்தைக் குறிக்கும் சொல் மாறி வந்துள்ளது. சீர்திருத்தத் திருச்சபையினரிடையே பெருவழக்காக உள்ள மொழிபெயர்ப்பு, பவுலின் மூன்று நற்பண்புகளை விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனத் தருகிறது. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியமோ அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என மொழிகிறது. முன்னதில் இரண்டாம் பண்பைக் குறித்த ‘நம்பிக்கை’ பின்னதில் முதற்பண்பைக் குறிக்க வந்துவிட்டது. அது விட்டுச் சென்ற இடத்தை ‘எதிர்நோக்கு’ நிரப்பியது.

இம்மாற்றம் பொருள் நோக்கில் பயனுடையது. நம்புதல் என்னும் வினை இறந்த காலச் செய்தியையும் நிகழ்காலத் துணையையும் பற்றி நிற்கக்கூடும். எதிர்நோக்குதல் வருங்காலத்தையே பற்றுவது. இன்னும் கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பொறுமையோடு காத்திருக்கும் நிலையாகப் பவுல் உரோமையர்க்கு எழுதிய திருமுகத்தில் இதனை விளக்குகிறார். காத்திருத்தல் எனினும் அது வாளாவிருத்தல் ஆகாது. வரவிருப்பதற்கு ஏற்ப இன்றைய வாழ்வை அமைத்துக்கொள்வதும் அதனுள் அடங்கும். இப்பொருளிலேயே எதிர்நோக்கு என்னும் சொல் இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

மயிலாடியின் தொடக்கம்

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறித்தவத்தின் வரலாறு ஐரோப்பியர் ஒருவரிடமிருந்து தொடங்கவில்லை. மயிலாடியைச் சேர்ந்த மகாராசனிடமிருந்து தொடங்குகிறது. சாம்பவர் குடியில் பிறந்த இவர், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்திற்குத் திருப்பயணம் மேற்கொண்டார். அப்பயணத்தின்போது தஞ்சையில் இருந்த உறவினரைக் காணச் சென்றவிடத்துக் கோலாப் ஐயரின் போதனையைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்றார். வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பினார். அவர் அழைப்பை ஏற்று, இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த செருமானியராகிய வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடிக்கு வந்தார். 1809-இல் அங்கு ஆலயம் எழுந்தது.

வந்தோர் அனைவரும் மீட்பையே நாடி வரவில்லை என்பதை ரிங்கல்தௌபே நன்கறிந்திருந்தார். தலைவரியிலிருந்தும் ஊதியமற்ற ஊழிய வேலையிலிருந்தும் விடுபடலாம் என எண்ணியோரே பலர் என்று வெளிப்படையாக எழுதியவர் அவர். இக்குறிப்பு, பயன் கருதிய மாற்றமே நிகழ்ந்தது என்போர்க்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆயின் அதன்பின் நிகழ்ந்ததையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1816-இல் ரிங்கல்தௌபே நாட்டை விட்டு நீங்கினார். சார்லஸ் மீட் 1818-இல் வந்து பொறுப்பேற்கும் வரை சபைகளை நடத்தியவர் வேதமாணிக்கமே. பாதுகாப்பை மட்டுமே நாடி வந்த கூட்டமாயின், பாதுகாவலர் அகன்றதும் அது கலைந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. பயன் கருதி வந்தோருள்ளும் ஒரு பகுதியினர், அப்பயன் கைக்கு எட்டாத காலத்திலும் நிலைத்து நின்றனர் என்பதே இதனால் பெறப்படுவது.

பெயர், எழுத்து, பாட்டு

எதிர்நோக்கு முதலில் மாற்றியது மக்கள் தம்மைக் குறித்துக் கொண்டிருந்த எண்ணத்தையே எனலாம். மகாராசன் வேதமாணிக்கம் ஆனது போலவே திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் புதுப்பெயர் ஏற்றனர். பிறப்பு வழங்கிய இடத்தைச் சுட்டும் பெயருக்கு மாற்றாக, வரவிருக்கும் வாழ்வைச் சுட்டும் பெயர் வந்தது.

இரண்டாவது, அச்சத்திலிருந்து விடுதலை. தீவினையாலோ கொடுநோயாலோ அகால மரணமடைந்தோர் பேயாகித் துன்புறுத்துவர் என்னும் எண்ணம் இம்மக்களின் வழிபாட்டு வாழ்வில் ஆழ்ந்து வேரூன்றியிருந்தது. உயிர்த்தெழுதல் பற்றிய போதனை இறந்தோரைக் குறித்த அச்சத்தின் இடத்தில் அவர்களைக் குறித்த எதிர்நோக்கை வைத்தது. பேய்க்கோயில்களைக் கைவிட்ட குடும்பங்கள் பற்றிய செய்திகளை மிஷனரிகளின் எழுத்துகள் மிகுதியாகத் தருகின்றன. அச்செய்திகளில் வெற்றிப் பெருமிதம் கலந்திருப்பினும், மரணத்தைப் பற்றிய நோக்கு மாறியது என்னும் அடிப்படை உண்மையை மறுப்பதற்கில்லை.

மூன்றாவது, எழுத்தறிவு. நாகர்கோவிலில் மீட் நிறுவிய பள்ளியும் அச்சகமும், சார்லஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியும் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோன்றியவை. அரசுப் பணியோ நிலவுடைமையோ கனவிலும் எட்டாத குடியினர் தம் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, எழுத்துக் கற்பித்தனர். கல்வியால் அவர்களுக்கு உடனடியாகக் கிடைக்கக்கூடிய ஊதியம் அக்காலத்தில் மிகச் சிறிதே. வேதம் படிக்க வேண்டும் என்பதற்காகத் தொடங்கிய அக்கல்வி, வாய்ப்பு வருமுன்னரே வாய்ப்பிற்கு ஆயத்தம் செய்யும் செயலாக அமைந்தது.

எழுத்தறியாத மூத்தோர்க்குப் பாட்டே நூலாயிற்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) முதலியோரின் கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகள் எங்கும் பரவின. 1853-இல் எட்வர்டு வெப் தொகுத்து வெளியிட்ட கீர்த்தனை நூல் அவற்றுக்கு அச்சு வடிவம் தந்தது. இறையியல் நூல்கள் சென்று சேராத குடிசைகளில் எதிர்நோக்கு என்னும் கருத்தைக் கொண்டு சேர்த்த பெருமை இசைத்தமிழுக்கு உரியது.

தோள்சீலைப் போராட்டம்

எதிர்நோக்கின் வலிமை கடுமையாகச் சோதிக்கப்பட்ட களம் தோள்சீலைப் போராட்டம் ஆகும். நாடார் முதலிய குடிப் பெண்கள் இடைக்கு மேல் ஆடை அணிதல் மரபுக்கு மாறானது எனத் தடுக்கப்பட்டிருந்தது. பிரித்தானியப் பிரதிநிதியும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ காலத்தில், 1812-லும் 1814-லும் கிறித்தவப் பெண்கள் குப்பாயம் அணிய இசைவு கிடைத்தது. ஆயினும் பெண்கள் மேல்சாதியினரைப் போலத் தோள்சீலையும் அணியத் தலைப்பட்டபோது, 1822 முதல் கல்குளம், இரணியல் பகுதிகளில் கலவரம் மூண்டது. சந்தைகளில் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. 1827-க்குப் பின் கலவரம் மீண்டும் எழுந்தது. ஆலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின.

1829 பிப்ரவரி 3-இல் வெளியான அரச அறிவிப்பு குப்பாயத்தை ஏற்றுத் தோள்சீலையை மறுத்தது. ஊழிய வேலையையும் வலியுறுத்தியது. இவ்வறிவிப்பு ஆய்வாளரின் சிறப்பான கவனத்திற்கு உரியது. அரசு மறுத்துவிட்டது, கும்பினி ஆட்சியும் தலையிட முன்வரவில்லை. பயன் ஒன்றே நோக்கமாக இருந்திருப்பின் போராட்டம் இவ்விடத்தே முடிந்திருக்கும். அடுத்து வந்த 30 ஆண்டுகளில் அப்பெண்கள் தோள்சீலையைக் கைவிடவில்லை. சட்டம் வழங்காத மாண்பை வழங்கப்பட்டதாகவே கொண்டு அவர்கள் வாழ்ந்தனர்.

1858-இன் இறுதியிலும் 1859-இன் தொடக்கத்திலும் வன்முறை மீண்டும் வெடித்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் தலையிட்டார். 1859 சூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மன்னர் வெளியிட்ட அறிவிப்பு, கிறித்தவர், இந்து என்னும் வேறுபாடின்றி நாடார் பெண்கள் அனைவரும் மேலாடை அணியலாம் என அறிவித்தது. மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணிதல் கூடாது என்னும் தடை அப்போதும் நீங்கவில்லை. எனவே இதனை முழு வெற்றி எனல் பொருந்தாது. ஆயினும் திருமுழுக்குப் பெற்றோரின் எதிர்நோக்கால் தொடங்கிய ஓர் உரிமை, திருமுழுக்குப் பெறாதோர்க்கும் உரியதாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

அடிமைத்தளையும் ரேந்தையும்

புலையர், பறையர், குறவர் முதலியோரின் நிலை நாடாரினும் இழிந்ததாக இருந்தது. 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் 1,64,864 பேர் அடிமைகள். நிலத்தோடு விற்கவும் அடகு வைக்கவும் கூடிய உடைமைகளாகவே அவர்கள் கருதப்பட்டனர். 1847-இல் மிஷனரிகள் மன்னரிடம் அடிமை ஒழிப்பு விண்ணப்பம் அளித்தனர். 1853-இல் வெளியான அறிவிப்பு அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளை விடுவித்தது. 1855 சூன் 24-இல் வெளியான அறிவிப்பு அடிமை முறையை முற்றாக ஒழித்தது.

இச்சட்டங்களுக்கு முன்னரே விடுதலை பெற்றோரும் உளர். மார்த்தா மால்ட் 1821-இல் நாகர்கோவிலில் ரேந்தைப் பின்னல் பயிற்சியைத் தொடங்கினார். ரேந்தை விற்ற வருவாயால் அடிமைச் சிறுமியர் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்றனர் என்பது மிஷன் வரலாறு தரும் செய்தி. விண்ணக வாழ்வைப் பற்றிக் கேட்ட சிறுமியின் விரல்கள் மண்ணகத் தளையை நூலிழை நூலிழையாக அவிழ்த்தன. மறுமை பற்றிய போதனை இம்மை முயற்சியை மழுங்கச் செய்யும் என்னும் பொதுக் கருத்தை இந்நிகழ்வு மறுக்கிறது. தன் உயிர்க்கு அழியாத மதிப்பு உண்டு எனக் கேட்டவள், தன் உடலுக்கு விதிக்கப்பட்ட விலையை ஏற்க மறுத்தாள்.

இணையாக எழுந்த எதிர்நோக்கு

இதே காலத்தில், இதே மண்ணில், இதே மக்களிடையே மற்றோர் எதிர்நோக்கும் எழுந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் (1809–1851) தொடங்கிய இயக்கம் மிஷனரிகளின் துணையை நாடவில்லை. அவர்களோடு முரண்பட்டும் நின்றது. கலியின் கொடுமை நீங்கித் தருமயுகம் பிறக்கும் என்பதே அதன் மையச் செய்தி. 1841-இல் எழுந்ததாகக் கூறப்படும் அகிலத்திரட்டு அம்மானை அச்செய்தியைத் தமிழ் மக்கள் வழக்கில் தந்தது. தலைப்பாகை அணிந்து வழிபடல், ஒரே கிணற்றில் நீர் அருந்தல், ஒன்றாக அமர்ந்து உண்ணல் ஆகிய வழக்கங்களால் தருமயுகத்தை அன்றே வாழ்ந்து காட்டினர் அவர் வழியினர்.

இவ்விரு இயக்கங்களையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலனாகிறது. நிலைமை மாறும் என்னும் வேட்கை ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானதன்று. அது மக்களிடம் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்தது. கிறித்தவம் அவ்வேட்கைக்கு ஒரு மொழியையும் பள்ளி, ஆலயம், அச்சகம் என்னும் நிறுவன வடிவத்தையும் தந்தது.

வரம்புகள்

எதிர்நோக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடவில்லை. சாதி வேறுபாடு சபைகளுக்குள்ளும் தொடர்ந்தது. மனைவியை இழந்த மீட், 1850-களின் தொடக்கத்தில், ஒடுக்கப்பட்ட குடியிலிருந்து வந்த கிறித்தவப் பெண் ஒருவரை மணந்துகொண்டார். அதனை உடன் பணியாற்றிய மிஷனரிகளே ஏற்கவில்லை. அவர் இலண்டன் மிஷன் சங்கத்தை விட்டு நீங்க நேர்ந்தது. சமத்துவத்தைப் போதித்தோர் அதனைத் தம் குடும்ப எல்லைக்குள் ஏற்கத் தயங்கினர் என்பதற்கு இது தெளிவான சான்று. சாம்பவரான வேதமாணிக்கத்தால் தொடங்கப்பெற்ற சபை வரலாற்றில் அக்குடியினரின் இடம் பிற்காலத்தில் மங்கியதும் ஆராயத்தக்கது.

ஆயினும் இவ்வரம்புகளைக் குறையெனக் கண்டு சுட்டும் அளவுகோலையும் அந்த எதிர்நோக்கே தந்தது. திருமுழுக்கில் வாக்களிக்கப்பட்ட சமத்துவம் உணவிலும் மணவினையிலும் ஏன் இல்லை என்னும் வினாவை, அவ்வாக்கைக் கேட்டவரே எழுப்ப இயலும்.

முடிவுரை

தென் திருவிதாங்கூரில் கிறித்தவ எதிர்நோக்கு துன்பத்தைத் தாங்க உதவிய ஆறுதலாக மட்டும் நின்றுவிடவில்லை. இன்னும் வராத ஒன்றை வந்ததாகக் கொண்டு வாழும் ஒழுக்கமாக அது செயற்பட்டது. பணி கிடைக்குமுன் எழுத்துக் கற்றதும், சட்டம் இசையுமுன் தோள்சீலை அணிந்ததும், அடிமை முறை ஒழியுமுன் விடுதலையை ஈட்டியதும் அவ்வொழுக்கத்தின் வெளிப்பாடுகள். ஆட்சியாளரின் துணை வந்தும் நீங்கியும் இருந்தது. 1829-க்கும் 1859-க்கும் இடைப்பட்ட 30 ஆண்டுகளின் உறுதியை அத்துணையால் மட்டும் விளக்க இயலாது.

இவ்வரலாற்றின் பெரும்பகுதி மிஷனரிகளின் ஆங்கில எழுத்துகள் வழியாகவே, குறிப்பாகச் சாமுவேல் மெட்டீர் 1871-லும் 1883-லும் வெளியிட்ட நூல்கள் வழியாகவே அறியப்படுகிறது. சபைப் பதிவேடுகள், கல்லறைக் கல்வெட்டுகள், கீர்த்தனைகள், குடும்ப வழக்காறுகள் ஆகிய தமிழ்ச் சான்றுகளை அகிலத்திரட்டோடு ஒருங்கு வைத்து ஆராயும்போது, தோள்சீலை அணிந்த பெண்ணும் ரேந்தை பின்னிய சிறுமியும் பிறர் கூற்றில் இடம்பெறும் நிலையிலிருந்து தம் குரலில் பேசும் நிலையை அடைதல் கூடும். தமிழாய்வு ஆற்ற வேண்டிய பணி அதுவாகும்.