மெர்டேக்கா: அடிமை நீங்கியவரின் பெயர்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த முதியவர்கள் காலத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: மெர்டேக்காவுக்கு முந்தி, மெர்டேக்காவுக்கு அப்புறம். விடுதலை, சுதந்திரம் என்ற சொற்கள் அவர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆனாலும் 1957 ஆகஸ்டு 31ஐச் சொல்ல மலாய்ச் சொல்லே நாவில் நிலைத்துவிட்டது. அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால், நம் முன்னோர் கடந்துவந்த அதே கடலைக் கடந்து இந்தியக் கரைக்குப் போக நேரும்.

மெர்டேக்காவின் மூலச்சொல் ‘மஹர்த்திக’ என்ற வடசொல். மகா என்பதும் ருத்தி என்பதும் சேர்ந்தது. ருத்தி என்றால் வளம், பேராற்றல். பௌத்த நூல்களில் பேராற்றல் படைத்த தேவர்களுக்கும் துறவிகளுக்கும் இது அடைமொழி. இத்தகைய சொற்கள் இந்தோனேசியத் தீவுக்கூட்டத்துக்கும் மலாய்க் கரைக்கும் மிகப் பழங்காலத்திலேயே சென்றுவிட்டன. நெகிரி செம்பிலானில் லிங்கிக்கு அருகே பெங்காலான் கெம்பாசில் உள்ள 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் ஜாவி எழுத்தோடு காவி எழுத்தும் சக ஆண்டும் காணப்படுகின்றன. மாநிலத்தின் பெயரில் உள்ள ‘நெகிரி’யும் ‘நகரி’ வழி வந்ததே.

பேராற்றல் என்ற பொருள் விடுதலையாக மாறியது எப்படி? பழஞ்ஜாவானிய மொழியில் அச்சொல் சான்றோரையும் சமயப் பெரியோரையும் குறித்தது. அத்தகையோருக்கு வரியும் கட்டாய ஊழியமும் இல்லை. ஜாவாவில் வரி நீங்கிய ஊர்களுக்குப் ‘பெர்டிக்கான்’ என்ற பெயர் இதிலிருந்தே பிறந்தது. நம் கல்வெட்டுகளில் வரும் இறையிலி நிலத்தை இதனோடு ஒப்பிடலாம். பெருமையைச் சொன்ன சொல், பெருமையால் கிடைத்த விலக்கைச் சொல்லத் தொடங்கியது. பின்பு விலக்கு மட்டுமே பொருளாக நின்றது. பிலிப்பீன்சில் ‘மஹார்லிகா’ அடிமையல்லாத ஒரு வகுப்பாரின் பெயரானது. மலாக்கா சுல்தானகத்தின் சட்டத்தொகுப்பில் ‘மெர்டஹேக்கா’ என்பவன் அடிமைக்கு எதிர்நிலையில் நிற்கும் மனிதன்.

17ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் தமிழர்மீதும் விழுந்தது. பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கம்பெனி அடிமைகளைப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றியது. அங்கே அடிமைத்தளை நீங்கி, போர்த்துக்கீசியம் பேசி வாழ்ந்த கிறித்தவச் சமூகத்தை டச்சுக்காரர் ‘மார்டைக்கர்’ என்று அழைத்தனர். அவர்களில் வங்கத்தாரும் மலையாளக் கரையோரும் சோழமண்டலக் கரையோரும் இருந்தனர். மெர்டேக்கா ஒரு நாட்டின் முழக்கமாவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் கரையிலிருந்து விலைக்குப் போனவர்கள் அதைத் தங்கள் சமூகத்தின் பெயராகச் சுமந்திருக்கிறார்கள்.

அரசியல் பொருள் மிகவும் பிந்தியது. 1945 ஆகஸ்டு 17இல் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தபோது இச்சொல் தீவுகளெங்கும் முழங்கியது. மலாயாவில் முதலில் அதைக் கையிலெடுத்தவர்கள் மலாய் இடதுசாரிகள். 1946இல் தோன்றிய மலாய்க் கட்சியான அம்னோவின் முழக்கம் ‘ஹிடுப் மெலாயு’, அதாவது ‘மலாயர் வாழ்க’. துங்கு அப்துல் ரஹ்மான் தலைமைக்கு வந்த 1951இல்தான் அது ‘மெர்டேக்கா’ ஆயிற்று. 1955 தேர்தலில் அம்னோ, மலாயா சீனர் சங்கம் (மசீச), மலாயா இந்தியர் காங்கிரஸ் (மஇகா) கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. இந்தியாவையும் இலங்கையையும் விட்டு நீங்கியிருந்த பிரிட்டன், 1948 முதல் கம்யூனிஸ்டு கிளர்ச்சியோடும் போராடிக்கொண்டிருந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசிடம் பொறுப்பைத் தருவதே கிளர்ச்சியின் வேரை அறுக்கும் என்று அது கண்டுகொண்டது. 1956 பிப்ரவரியில் லண்டன் பேச்சு முடிந்ததும், துங்கு மலாக்காத் திடலில் விடுதலை நாளை அறிவித்தார். குறித்த நாளில் கோலாலம்பூர் அரங்கில் ஏழு முறை ‘மெர்டேக்கா’ என்று முழங்கினார். புதிய நாட்டின் முதல் மாமன்னர் நெகிரி செம்பிலானின் ஆட்சியாளர் துவாங்கு அப்துல் ரஹ்மான். இன்றும் மலேசியப் பணத்தாளில் இருப்பது அவருடைய முகம்தான்.

அந்த முழக்கம் எட்டிய தோட்டங்களில் நிலைமை என்ன? மலாய் மாநிலங்களில் கடன்பட்டவன் அடிமையாகும் பழைய வழக்கத்தை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒழித்தனர். அதே ஆட்சிதான் ஒப்பந்தக் கூலிமுறையில் தமிழரைக் கொண்டுவந்தது. கங்காணியின் முன்பணம் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தது. 1910இல் ஒப்பந்தமுறை முடிவுக்கு வந்தது. 1938இல் இந்திய அரசு உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அதன் பிறகும் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு, துரையின் சொல், லயத்து வீடு எல்லாம் நீடித்தன. கிளர்ச்சியை ஒடுக்கிய அவசரகாலத்தில் பல லயங்களைச் சுற்றி முள்வேலியும் எழுந்தது.

விடுதலை நாளிலிருந்து 1962 செப்டம்பர் வரை இம்மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பாலேயே குடிமகன். விடுதலைக்கு முன் பிறந்து குடியுரிமை பெறாதவர்கள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தாள் தவறியவர்களின் கையில் சிவப்பு அடையாள அட்டை தங்கியது. வெள்ளைக்கார முதலாளிகளின் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது வேலையும் வீடும் ஒருசேரப் போயின. அதைத் தடுக்கவே 1960இல் மஇகா தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறுசேமிப்பால் தோட்டங்களை வாங்கினார். என் பார்வையில், மெர்டேக்கா என்ற சொல்லின் பழம்பொருளை மிகச் சரியாகப் புரிந்துகொண்ட செயல் அது.

இன்று நெகிரி செம்பிலானின் நீலாயிலும் லாபுவிலும் பால்மரம் நின்ற இடங்களில் வீட்டுமனைகளும் தொழிற்பேட்டைகளும் நிற்கின்றன. மலாக்காவின் பழைய சட்டத்தொகுப்பு கொடியையோ எல்லையையோ கொண்டு மெர்டேக்காவை அளக்கவில்லை; ஒரு மனிதன் இன்னொருவனுக்குக் கட்டுப்பட்டவனா என்று மட்டுமே கேட்டது. வேலையை விட்டால் கூரையும் போய்விடும் என்ற நிலையில் ஒரு குடும்பம் இருக்கும்வரை, அக்கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை. நாடு மெர்டேக்கா அடைந்த நாள் நாட்காட்டியில் இருக்கிறது. தோட்டத்து மக்களுக்குச் சொந்த வீடும் நிலமும் கிடைக்கும் நாளையும் அதே சொல்லால் அழைக்க அவர்களுக்கு உரிமை உண்டு.