பாறை சாய்ந்திருந்தால் எதிரொலி ஏமாற்றும்

அமெரிக்காவின் டெக்சாஸில் பியூமாண்ட் ஊருக்குப் பக்கத்தில் ஸ்பிண்டில்டாப் என்றொரு மேடு உண்டு. 1901 ஜனவரி 10 அன்று அங்கே போட்ட துளையிலிருந்து எண்ணெய் நூறடிக்கு மேல் பீறிட்டது. மேட்டின் அடியில் இருந்தது ஒரு பெரிய உப்புக் குன்று. அதன் தலைமேல் தேங்கியிருந்த எண்ணெய் சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்துவிட்டது. 1925-ல் ஃப்ராங்க் யவுண்ட் என்பவரின் நிறுவனம் குன்றின் பக்கவாட்டில் துளையிட்டது. மறுபடியும் எண்ணெய்! அத்தனை காலமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பூமிக்குள் பார்க்க ஒரு வழி அதற்குள் பிறந்திருந்தது. 1921-ல் ஓக்லஹோமாவில் கார்ச்சர் என்பவரும் கூட்டாளிகளும் வெடி வைத்து, அதிர்வு அடிப்பாறையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்தார்கள். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்டு ஆழம் சொல்வோமே, ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான்.

பாறை மட்டமாகக் கிடந்தால் இது சரி. சாய்ந்திருந்தால் எதிரொலி நேர் கீழிருந்து வராது, பக்கவாட்டிலிருந்து வரும். ஆனால் காகிதத்தில் அதை நேர் கீழே குறித்துவிடுவோம். இடமும் தவறும், சரிவும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அதை நம்பித் துளையிட்டால் போட்ட பணம் மண்ணோடு போகும்.

முதலில் காம்பஸை வைத்து வில் வில்லாக வரைந்து திருத்தினார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டின் ஜான் கிளேர்பவுட், மேலே பதிவான அலைகளைக் கணினியில் திரும்பக் கீழே இறக்கிப் படமாக்கினார். ஆரம்பக் கணக்கு சுமார் 15 டிகிரிச் சரிவு வரைதான் சரியாக வந்தது. 1978-ல் ஸ்டோல்ட், காஸ்டாக் இருவரும் தனித்தனியே செங்குத்துச் சரிவுக்கும் வழி கண்டார்கள். ஆனால் உப்பில் அலை நொடிக்குச் சுமார் 4,500 மீட்டர் ஓடும். பக்கத்து மண்படிவத்தில் அதைவிட மெதுவாகத்தான் போகும். இப்படிப் பக்கவாட்டில் வேகம் மாறும் இடத்தில் அந்தக் கணக்குகள் தடுமாறின.

1983-ல் வந்த முறை சினிமாச் சுருளைப் பின்னோக்கி ஓட்டுவது போன்றது. பதிவான அலையைக் காலத்தில் பின்னால் ஓட்டினால் குன்றின் செங்குத்துச் சுவரும், அது கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இடமும்கூடத் தெரியும். அன்றைய கணினிகளுக்கு அவ்வளவு கணக்கைச் சுமக்கத் தெம்பில்லை. 2000-க்குப் பிறகுதான் அது அன்றாடப் புழக்கத்துக்கு வந்தது.

இன்றும் வேகத்தைத் தவறாகக் கொடுத்தால் படம் தவறிவிடும். கணினி எத்தனை பெரிதானாலும் அதற்குப் பாறையின் குணத்தைச் சொல்லித்தர மனிதர் வேண்டும்.